2 தொன் நெல் அவிக்கிற பொயிலர்: விறகை விட்டு உமிக்கு மாறலாமா?

சம்மாந்துறை_அவியல்:

ஒரு தடவைக்கு 2 தொன் நெல் அவிக்கிற சின்ன மில். நிமிர்ந்த பொயிலர், விறகு அடுப்பு, தணல் தட்டு கிட்டத்தட்ட அரைச் சதுர மீற்றர். அவிச்ச நெல்லைத் தளத்தில வெயிலுக்குத்தான் காயப்போடுற. விறகு வாங்கிக் கட்டாது, மில்லுக்குப் பின்னால உமி மலை மாதிரிக் கிடக்குது. விறகுத் தணலுக்கு மேல உமியைக் கொட்டிப் பார்த்தால் கறுப்புப் புகை, அமுக்கம் 5 பாரில இருந்து 2 பாருக்கு இறங்குது, பாதி உமி வேகாமல் கம்பிக்குள்ளால கீழே கொட்டுது. மூன்று வழி பேசுறாங்க: உமிக்கு அடுப்பை மாத்துற, டீசல் பேர்னர் (டீசலைத் தூவி எரிக்கிற கருவி) பூட்டுற, இல்லாட்டி கராஜ் எரிஞ்ச ஒயிலுக்கு, அதாவது வாகனத்தில இருந்து எடுத்த பழைய எஞ்சின் ஒயிலுக்கு, பேர்னர் பூட்டுற. எது சரி? விளக்கமாச் சொல்லுங்க.

படித்தட்டு:

வாங்க காக்கா. முதல்ல கணக்கைப் பார்ப்பம், மறுகா அடுப்பு.

ஒரு தொன் நெல்லை ஊற வைக்க 1.3 தொன் அளவு தண்ணி போகும். தண்ணியையும் நெல்லையும் 30 பாகையில இருந்து 70 பாகைக்கு ஏத்த ஏறக்குறைய 290 மெகாஜூல், அதாவது 130 கிலோ ஸ்டீம். ஊறின நெல்லை அவிக்க இன்னும் 60 - 70 கிலோ. குழாய், தொட்டி எண்டு வெளியில போற சூட்டையும் சேர்த்தால் தொன்னுக்கு 225 கிலோ ஸ்டீம் எண்டு வையுங்க. உங்கட 2 தொன்னுக்கு 450 கிலோ.

உமியில கிலோவுக்கு ஏறக்குறைய 14 மெகாஜூல். ஒழுங்கான அடுப்பில 60 வீதம் பொயிலருக்குள்ள போகும். அப்படியெண்டால் ஒரு கிலோ உமிக்கு 3 கிலோ ஸ்டீம். 450 கிலோ ஸ்டீமுக்கு 150 கிலோ உமி. 2 தொன் நெல்லைக் குத்தினால் வார உமி 400 கிலோ, நெல்லின்ட நிறையில ஐந்தில ஒரு பங்கு. ஆக உமி பாதிக்கு மேல மிஞ்சும்.

ஒண்டை மட்டும் மறந்திராதீங்க. தளத்தில காயப்போடுற மட்டும்தான் இந்தக் கணக்கு. நாளைக்கு ஸ்டீம் டிரையர் பூட்டினால் 35 வீத ஈரத்தை 14க்கு இறக்க தொன்னுக்கு 320 கிலோ தண்ணியை ஆவியாக்க வேணும். அதுக்கே தொன்னுக்கு 230 கிலோ உமி கேட்கும், உங்கட உமி உங்களுக்குக் காணாது. கார்த்திகை, மார்கழி மழையில டிரையர் இல்லாமல் சமாளிக்க ஏலாது எண்டு நினைச்சால் அதை இப்பவே சொல்லிருங்க, அடுப்பின்ட அளவு மாறும்.

சம்மாந்துறை_அவியல்:

டிரையர் இப்ப இல்ல. ஆனா உமி காணுமெண்டால் ஏன் எரியுதில்ல? காய்ஞ்ச உமிதான்.

படித்தட்டு:

எரிபொருளில பிழை இல்ல, அடுப்பு விறகுக்குக் கட்டினது. விறகுக் கட்டைகளுக்கு இடையில இடைவெளி இருக்கும், காற்று தானா ஏறும். உமி குவிஞ்சால் ஒரு மெத்தை, காற்று நுழையாது. மேல ஒரு தோல் மட்டும் எரியும், உள்ளுக்குள்ள புகையும். உமியில 60 வீதத்துக்கு மேல வாயுவா வெளியேறுற பொருள்தான். அந்த வாயு எரியிறதுக்கு மேல இடமும் காற்றும் வேணும். நிமிர்ந்த பொயிலரில தணலுக்கு மேல உடனே குளிர்ந்த தகடு, குழாய். வாயு எரிஞ்சு முடியிறதுக்கு முதல்ல குளிர்ந்து போகுது. நீங்க பார்த்த கறுப்புப் புகை அதுதான்.

இன்னொரு விசயம். உமியின்ட சாம்பல் பத்தில ஒன்பது பங்கு சிலிக்கா, மணலில இருக்கிற அதே பொருள். உமி எரியும்போது இந்தச் சிலிக்கா கூடு மாதிரி அப்படியே நிற்கும், கரி அதுக்குள்ள அடைபட்டிருக்கும். ஆறுதலா, நல்ல சூட்டில, காற்று பட்டால்தான் அந்தக் கரி எரியும். சாம்பல் கறுப்பா விழுந்தால் காசு குப்பைக்குப் போகுது எண்டு அர்த்தம். சாம்பல் நிறத்துக்கு வந்து, கையில தேய்ச்சால் கரி ஒட்டாட்டி அடுப்பு சரி.

நீராவிநேசன்_மட்டுநகர்:

இதைத்தான் ரயில் எஞ்சின்காரர் நூறு வருசத்துக்கு முதல்லயே கண்டுபிடிச்சாங்க. எரிபொருள் மாறினால் தீப்பெட்டி, அதாவது எஞ்சினில எரிபொருள் எரியிற அறை, மாறும். அமெரிக்காவில அந்திரசைட் எண்ட கடின நிலக்கரிச் சுரங்கத்துத் தூள் மலிவாக் குவிஞ்சு கிடந்தது, சாதாரண தீப்பெட்டியில எரியல்ல. 1877இல் வூட்டன் எண்டவர் சில்லுகளுக்கு மேலால விரிஞ்சு நிற்கிற அகலத் தீப்பெட்டி ஒண்டைச் செய்தார். தட்டு அகலமாகி, ஒவ்வொரு சதுர அடிக்கும் காற்று மெதுவாப் போனதால தூள் பறக்காமல் கிடந்து எரிஞ்சுது.

எண்ணெய்க்கு மாத்தும்போது தலைகீழ். இங்கிலாந்தில கிரேட் ஈஸ்டர்ன் ரயில்வேயில ஹோல்டன் 1893இல் பெற்றோலியா எண்ட எஞ்சினை எண்ணெய்க் கழிவில ஓட்டினார். எண்ணெய் எஞ்சினில தணல் கம்பியை எடுத்திட்டு தீப்பெட்டியின்ட அடியை பயர் பிரிக் (சூடு தாங்கிற கல்) வைச்சு மூடி, காற்றுக்கு அளந்து துவாரம் விடுவாங்க. கனமான எண்ணெயை ஸ்டீம் குழாயால சூடாக்கி இளக்கி, ஸ்டீம் சீற்றத்தால தூவலாக்குவாங்க. குழாய்க்குள்ள புகைக்கரி பிடிச்சால் தீவாசலால ஒரு சிரட்டை மணலை உள்ளுக்கு விடுவாங்க, இழுவை அதை அள்ளிக்கொண்டு போய்க் குழாயைத் தேய்ச்சு விடும். இலங்கையிலும் நிலக்கரி, எண்ணெய் ரெண்டும் எரிச்ச நீராவி எஞ்சின்கள் ஓடினது. 1928இல் மட்டக்களப்புக்கு ரயில் வந்ததும் நீராவியிலதான்.

கரடியனாறு_வயல்:

அப்ப உமியில ரயில் ஓடினதா?

நீராவிநேசன்_மட்டுநகர்:

இடம் காணாது தம்பி. தளர்வா அள்ளின உமி ஒரு கன மீற்றருக்கு 100 - 120 கிலோதான். அதே இடத்தில நிலக்கரி 800 கிலோ, கிலோவுக்குச் சூடும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஒரு கன மீற்றர் நிலக்கரிக்கு 12 - 13 கன மீற்றர் உமி கொண்டு போக வேணும். அதோட ரயில் எஞ்சினில வெளியேறுற ஸ்டீம் புகைபோக்கியால இழுக்கிற வேகத்துக்கு உமி எரியாமலே வானத்துக்குப் போயிரும். நின்ற இடத்தில நிற்கிற எஞ்சினுக்கு அது பொருத்தம். பர்மாவில அரிசி மில்கள் அவங்கட உமியையே எரிச்சு ஸ்டீம் எஞ்சினால ஓடினது. ஜாவாவில சீனி ஆலைச் சின்ன ரயில்கள் கரும்புச் சக்கையைக் கட்டாக் கட்டி எரிச்சது, ஆலைக்கும் தோட்டத்துக்கும் இடையில கிட்ட ஓட்டம் எண்டபடியால் அது சரிவந்தது. நம்மட ஹிங்குரானைப் பக்கம் சீனி ஆலைப் பொயிலருக்கும் சக்கைதான் எரிபொருள், ஆனா புதுச் சக்கையில பாதி தண்ணி. அதுக்கு வேற மாதிரி அடுப்பு.

கல்முனை_மோட்டர்:

எல்லாம் சரி, டீசல் பேர்னர் பூட்டினால் அரை நாள் வேலை. சாம்பல் இல்ல, அள்ளுறதுக்கு ஆள் இல்ல, சுவிட்ச் போட்டால் ஸ்டீம். சின்ன மில்லுக்கு அதுதான் நல்லம்.

படித்தட்டு:

வசதி உண்மைதான் அண்ணன். ஆனா கணக்கு பாருங்க. டீசல் லீற்றருக்கு 36 மெகாஜூல், பேர்னர் நல்லதெண்டால் 85 வீதம் உள்ள போகும். 450 கிலோ ஸ்டீமுக்கு 39 லீற்றர். ஒவ்வொரு அவியலுக்கும். உமியில அதே வேலைக்கு 140 - 150 கிலோ, அது உங்கட மில்லுக்குப் பின்னால கிடக்குது. நடைமுறையில மூன்றரைக் கிலோ உமி ஒரு லீற்றர் டீசலுக்குச் சமன். 2022இல் எண்ணெய்த் தட்டுப்பாட்டில கியூ ஆர் கோட்டோட டீசலுக்கு வரிசையில நிண்டதை மறக்கேலாது. அவியல் நடுவில டீசல் முடிஞ்சால் ஊறின நெல் புளிச்சு மணக்கும், அரிசி நிறம் மாறும்.

பட்டறை_காரைதீவு:

எரிஞ்ச ஒயிலைப் பற்றி ஒருத்தரும் சொல்லல்ல. வேணாம் எண்டுதான் சொல்றன், ஏனெண்டும் சொல்றன். அதுக்குள்ள தண்ணி இருக்கும். சூட்டில அந்தத் துளி ஆவியாகி வெடிக்கும், சுவாலை ஒருக்கா அணைஞ்சு ஒருக்காப் பத்தும். அணைஞ்ச நேரத்தில தூவின ஒயில் சூடான கல்லில ஆவியாகிக் கிடந்து ஒரேயடியாப் பிடிச்சால் தீவாசல் திறந்து ஆள் மேல வரும். தூவுறதுக்கு 80 - 90 பாகைக்குச் சூடாக்க வேணும், வடிக்க வேணும், இல்லாட்டி முனை அடைக்கும். கராஜில பெற்றோல் கழுவின ஒயிலையும் அதே பரலுக்குள்ள ஊத்துவாங்க, பத்துற சூடு கீழ இறங்கினது வெளியில தெரியாது. அதில இருக்கிற துத்தநாகம், கல்சியம், தேய்ஞ்ச உலோகம் எல்லாம் சாம்பலாக் குழாயில ஒட்டும், புகையாத் தளத்தில காயிற நெல்லில படியும். சாப்பாட்டுப் பொருள் செய்யிற இடத்துக்கு அது ஆகாது.

வாழைச்சேனைப்_படகு:

இடையில ஒரு கேள்வி. படகு எஞ்சின் மண்ணெண்ணெயில ஓடுது தானே, அப்ப மண்ணெண்ணெய் பேர்னர் சரிவராதா? லான்ட்மாஸ்டருக்கும் (ரெண்டு சில்லு உழவு மெசின்) சில ஆள் மண்ணெண்ணெய் கலக்கிறாங்க.

பட்டறை_காரைதீவு:

மூண்டும் மூண்டு விசயம் தம்பி. பேர்னரில மண்ணெண்ணெய் எரியும், ஆனா டீசல் மாதிரி அதையும் ஒவ்வொரு அவியலுக்கும் வாங்கத்தான் வேணும். மண்ணெண்ணெய்க்கெண்டு செய்த படகு எஞ்சின் அமுக்க விகிதம் குறைஞ்சது, ஏனெண்டால் மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் (அமுக்கத்தில தானாப் பத்தாமல் தாங்கிற அளவு) குறைவு. பெற்றோல் எஞ்சினுக்கு அதை ஊத்தினால் தட்டும், பிஸ்டன் தலை ஓட்டையாகும். குளிர்ந்த எஞ்சினில மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதால பெற்றோலில ஸ்டார்ட் பண்ணி, சூடேறின பிறகுதான் வால்வைத் திருப்புற. கரைக்கு வரமுதல் திரும்பப் பெற்றோலுக்கு மாத்தி காபரேற்றரில கிடக்கிற மண்ணெண்ணெயை எரிச்சு முடிக்க வேணும். அதைச் செய்யாட்டி அடுத்த நாள் பிளக் நனைஞ்சு கிடக்கும், கயிறு இழுத்துத் தோள் போகும். ரெண்டு ஸ்ட்ரோக் ஒயில் கலக்கிற அளவு எஞ்சினில எழுதினபடிதான், கைக்கணக்கு வேணாம்.

லான்ட்மாஸ்டர் டீசல் எஞ்சினில டீசல் பம்புக்குள்ள தள்ளுற தண்டுக்கு, பிளஞ்சருக்கு, வழுக்குத் தாறது டீசல்தான். மண்ணெண்ணெய் மெல்லிசு, பிளஞ்சர் தேயும், சூடான எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. அதுதான் முதல் அடையாளம். 2022 ஓகஸ்ட்டில மண்ணெண்ணெய் 87 ரூபாயில இருந்து 340 ரூபாய்க்குப் போனதோட இந்தக் கலப்படத்தில லாபமும் அந்த நேரம் நல்லாக் குறைஞ்சுது. தேங்காய் எண்ணெய் ஊத்துறதைப் பற்றியும் கேட்பாங்க: 24 - 25 பாகையில உறையும், மார்கழி விடியலில பில்டர் அடைக்கும். சூடாக்கி விட்டாலும் டீசலை விடப் பல மடங்கு தடிப்பு, ஊசி முனையில கரி கட்டும்.

சம்மாந்துறை_அவியல்:

சரி, உமிதான் எண்டு முடிவு. அடுப்பை எப்படிக் கட்டுற?

படித்தட்டு:

பொயிலருக்குள்ள கட்டாதீங்க, வெளியில கட்டுங்க. அவியலில ஸ்டீம் கூடக் கேட்கிறது ஊறவைக்கிற தண்ணியைச் சூடாக்கிற நேரம்தான்: ஒரு மணித்தியாலத்தில 260 கிலோ ஸ்டீம், அதுக்கு மணிக்கு 90 கிலோ உமி. சாய்ஞ்ச படித்தட்டில (படி மாதிரி அடுக்கின தணல் தட்டு) சதுர மீற்றருக்கு மணிக்கு 60 கிலோ உமி எரிக்கலாம். ஆக ஒண்டரைச் சதுர மீற்றர் தட்டு வேணும், உங்களுக்கு இருக்கிறது அதில மூண்டில ஒண்டு. தட்டுக்கு மேல வாயு எரிய ஒண்டே முக்கால் கன மீற்றர் வெற்றிடம். இது ரெண்டும் நிமிர்ந்த பொயிலரின்ட வயித்துக்குள்ள அடங்காது.

பயர் பிரிக்கால ஒரு அறை, வெளியில செங்கல், நடுவில சாம்பல் நிரப்பின இடைவெளி. அறைக்குள்ள 45 - 50 பாகைச் சரிவில வார்ப்பிரும்புத் தட்டுகளைப் படி மாதிரி அடுக்குங்க. மேல் படியின்ட விளிம்பு கீழ்ப் படிக்கு மேலால கொஞ்சம் நீண்டிருக்க வேணும், அப்பதான் காற்று கிடையா வரும், உமி கீழே கொட்டாது. சரிவு குறைஞ்சால் உமி நகராமல் குவியும், கூடினால் எரியாமல் உருண்டு அடிக்குப் போகும். அடியில கிடைத்தட்டு ஒண்டு, அங்கதான் கரி கடைசியா எரியும், சாம்பல் அதில இருந்து விழும். உமியை மேல ஹொப்பரில (உமி கொட்டி வைக்கிற கூம்புத் தொட்டி) இருந்து விடுங்க, ஹொப்பர் எப்பவும் நிறைஞ்சிருக்க வேணும். வெறுமையானால் அந்த வழியால காற்று உள்ள இழுபட்டு அடுப்பைக் குளிர வைக்கும், சில நேரம் தீ மேல ஏறும்.

காற்று முக்கியம். ஒரு கிலோ உமிக்குக் கணக்குப்படி 4.5 கிலோ காற்று, நடைமுறையில 7 கிலோ விட வேணும். எல்லாத்தையும் தட்டுக்குக் கீழால விடாதீங்க. மூண்டில ஒரு பங்கை சுவாலைக்கு மேலால சின்னத் துவாரங்களால ஊதுங்க, கறுப்புப் புகை அங்கதான் தீரும். கீழால கூட ஊதினால் எரியாத உமி பறந்து குழாய்க்குள்ள போகும்.

அறையையும் பொயிலரின்ட தீவாசலையும் பயர் பிரிக் கழுத்தால இணைச்சு, பழைய கம்பித்தட்டை எடுத்து, சாம்பல் குழியைக் காற்றுப் புகாமல் அடைச்சிருங்க. பொயிலர் தகட்டில வெட்டு, ஒட்டு எதுவும் செய்யப்படாது. அது அமுக்கம் தாங்கிற பாகம். தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி அங்கீகாரம் உள்ள பரிசோதகர் பார்த்துத்தான் பாவிக்க வேணும், அடுப்பு மாத்தினதை அவருக்கும் சொல்லுங்க.

நிந்தவூர்_கொல்லர்:

கழுத்துக்கு அங்கால ஒரு தூசு அறை விடுங்க. வாயு அகன்ற இடத்துக்கு வந்து வேகம் குறைஞ்சு ஒருக்காத் திரும்பினால் கனமான சாம்பல் அங்கயே விழும். இல்லாட்டி அந்தச் சிலிக்கா குழாயின்ட வாசலை மணல் வீச்சு மாதிரித் தேய்க்கும். சுரண்டி எடுக்கக் கதவு வைக்க மறக்காதீங்க.

படித்தட்டு:

சரியான சொல். புகைபோக்கி 12 மீற்றர் உயரம், வாயு 250 பாகை எண்டால் 5 - 6 மில்லிமீற்றர் தண்ணி அளவு இழுவைதான் கிடைக்கும். தூசு அறைக்கு அது காணும். சைக்ளோன் (வாயுவைச் சுழட்டித் தூசைப் பிரிக்கிற உருளை) பூட்டினால் 50 மில்லிமீற்றருக்கு மேல கேட்கும், இழுக்கிற ஃபேன் இல்லாமல் நடக்காது.

நீராவிநேசன்_மட்டுநகர்:

ஒரு ஆபத்தை எல்லாரும் விட்டிட்டீங்க. கரண்ட் போனால்? டீசல் பேர்னர் உடனே அணையும். உமி அடுப்பு அணையாது. தட்டில கிடக்கிற தணலும் சூடான கல்லும் இன்னும் நெடுநேரம் ஸ்டீம் செய்யும். அதே நேரம் தண்ணி ஏத்துற பம்ப் நிண்டிருக்கும். கேஜ் கிளாஸில (பொயிலருக்குள்ள தண்ணி மட்டம் காட்டுற கண்ணாடிக் குழாய்) தண்ணி இறங்கி, தகடு வெறுமையாகி, அங்கதான் பொயிலர் போகும்.

அதுக்கு ரயில் எஞ்சினில இருந்து ஒரு சாமான் எடுங்க: இன்ஜெக்டர். 1858இல் கிஃபார்ட் கண்டுபிடிச்சது. ஓடுற பாகம் ஒண்டும் இல்ல, பொயிலரின்ட ஸ்டீமாலயே பொயிலருக்குள்ள தண்ணி தள்ளும். பாவிக்கிற முறை: முதல்ல தண்ணி வால்வு, வழிவு குழாயால தண்ணி ஓடுறதைப் பாருங்க, பிறகு ஸ்டீம் வால்வை முழுசாத் திறவுங்க. வழிவு நிண்டு ஒரு சீரான சத்தம் வந்தால் தண்ணி உள்ள போகுது. நிற்பாட்டும்போது ஸ்டீமை முதல்ல மூடுங்க. வழிவால ஸ்டீமே சீறினால் இன்ஜெக்டர் சூடாகிட்டுது, ரெண்டையும் மூடி அதுக்கு மேல குளிர்ந்த தண்ணி ஊத்தி மறுபடி தொடங்குங்க.

அது பிடிக்காமல் போறதுக்குப் பெரிய காரணம் சூடான தண்ணி. பொயிலருக்குத் தண்ணி குடுக்கிற உங்கட பீட் தொட்டிக்குள்ள அவியலில இருந்து திரும்பி வார ஸ்டீம் தண்ணி விழுந்தால் அது 60 பாகைக்கு மேல நிற்கும், இன்ஜெக்டர் எடுக்காது. அதுக்கெண்டு குளிர்ந்த தண்ணித் தொட்டி ஒண்டைத் தனியா, இன்ஜெக்டருக்கு மேலான உயரத்தில வையுங்க. உறிஞ்சு குழாயில மயிரளவு காற்றுக் கசிவு இருந்தாலும் பிடிக்காது.

தண்ணி கண்ணுக்குத் தெரியிற வரைக்கும்தான் இது. கிளாஸில தண்ணி மறைஞ்ச பிறகு தண்ணி விடப்படாது. தணலை இழுத்துப் போட்டு, காற்றை மூடி, ஆறவிட்டுப் பரிசோதகரைக் கூப்பிடுங்க.

சம்மாந்துறை_அவியல்:

நல்ல பெறுமதியான விசயம். கிணத்துத் தண்ணி இங்க கொஞ்சம் கடுசு. அது பிரச்சினையா?

நீராவிநேசன்_மட்டுநகர்:

பிரச்சினைதான். சுண்ணாம்பு படிஞ்சால் தகட்டுக்கும் தண்ணிக்கும் இடையில சூடு போகாது, தகடு சிவக்கும். தண்ணியின்ட சுண்ணாம்பை எடுக்கிற மென்மையாக்கி ஒண்டு பூட்டுங்க. ஒவ்வொரு நாளும் அடுப்புத் தணிஞ்ச நேரம், அமுக்கம் இருக்கும்போதே அடி வால்வைச் சில செக்கன் திறந்து சேற்றை வெளியில விடுங்க. விடும்போது கண் கிளாஸில இருக்க வேணும்.

கரடியனாறு_வயல்:

வைக்கோலையும் சேர்த்து எரிக்கலாமா? வேளாண்மை வெட்டின பிறகு வயலில சும்மாதான் கொளுத்துறாங்க. முந்திரிகைக் கோதும் இங்க கிடைக்கும்.

படித்தட்டு:

ஸ்டீம் எஞ்சின் காலத்தில இங்கிலாந்தின்ட ரான்சம்ஸ் கம்பனி வைக்கோல் எரிக்கிற எஞ்சினே செய்தது, உருளைகளுக்கு இடையால வைக்கோலைத் தள்ளிற மாதிரி. ஆனா உமியோட கலக்காதீங்க. வைக்கோல் சாம்பலில பொட்டாசியம் கூட, சீக்கிரம் இளகும். உமிச் சாம்பலோட சேர்ந்து கண்ணாடி மாதிரிக் கட்டியாகிப் படிகளுக்கு இடையில அடைக்கும். ஆறின பிறகு உளியாலதான் உடைக்கலாம். முந்திரிகைக் கோதில இருக்கிற எண்ணெய் கையைச் சுடும், புகை கண்ணையும் தொண்டையையும் பிடிக்கும். அவியல் பக்கம் அது வேணாம். சிரட்டை கொஞ்சம் போடலாம், கிலோவுக்கு 20 மெகாஜூல், காலையில அடுப்பை மூட்ட நல்லது.

அக்கரைப்பற்று_மண்:

சாம்பல்? 150 கிலோ உமிக்கு ஏறக்குறைய 30 கிலோ சாம்பல் வரும். கறுப்புச் சாம்பலை நாத்துமேடைக்கும் மரக்கறிப் பாத்திக்கும் ஆக்கள் கேட்டு வருவாங்க. ஆனா ரெண்டு விசயத்தில கவனம். ஒண்டு, குவிச்ச சாம்பல் மேல ஆறி வெள்ளையா இருக்கும், கணுக்கால் ஆழத்தில தணல் நாட்கணக்கில கிடக்கும். பிள்ளைகள் மணல் குவியல் எண்டு ஏறுவாங்க. தண்ணி தெளிச்சுப் பரப்பி, வேலி போடுங்க. மற்றது, கூடின சூட்டில எரிஞ்ச சாம்பலில சிலிக்கா படிகமாகும், அந்தத் தூசு நுரையீரலைக் கெடுக்கும். அள்ளுறவருக்குத் துணி காணாது, துகள் தடுக்கிற முகமூடி குடுங்க. காய்ஞ்சதைக் கூட்டப்படாது, நனைச்சு அள்ளுங்க.

சம்மாந்துறை_அவியல்:

எல்லாருக்கும் நன்றி. பயர் பிரிக்குக்கும் இன்ஜெக்டருக்கும் விலை கேட்டு வைச்சிருக்கன். முதல் மூட்டுறதுக்கு முன்னால கல்லைக் காய வைக்க வேணுமா?

நிந்தவூர்_கொல்லர்:

கட்டாயம். கட்டினதை சும்மா ஒரு நாள் விடுங்க, பிறகு சின்ன விறகுத் தீ மட்டும், ரெண்டு நாள், கதவைக் கொஞ்சம் திறந்து. வெளிச் சுவரில ஈரம் வியர்க்கிறது நிண்ட பிறகு உமி விடுங்க. அவசரப்பட்டால் சாந்துக்குள்ள இருக்கிற தண்ணி ஆவியாகி மூலைக்கல்லைத் தள்ளும், அந்த வெடிப்பால வார காற்றை பிறகு அடைக்க ஏலாது. கழுத்துக்கும் பொயிலர் தகட்டுக்கும் இடையில விரியிறதுக்கு விரலளவு இடைவெளி விட்டு, அதுக்குள்ள சூடு தாங்கிற கயிறை அடைச்சிருங்க. சாந்து வைச்சு இறுக்கிப் பூசப்படாது.